முள் படாத பாரைகள்

பாரை மீனின் வாயை விரித்துப் பார்த்தபோதுதான் பத்மநாதனுக்கு உறைத்தது. உதட்டில் தூண்டில் முள் குத்திய இடமே இல்லை. அடுத்த மீனை எடுத்தார். அதிலும் இல்லை. கேம்ப் சமையல்கட்டில் வாளி நிறையக் கிடந்த மீன்கள் யாரோ கையால் அள்ளி வைத்தவை போல, ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளத்தன. கடைக்கார மீராசா தூண்டில் போட்டுப் பிடித்தவை என்று கேம்பே நம்பியது.

ஓமானில், சலாலாவுக்குக் கிழக்கே சாலை போடும் அந்தக் கம்பெனியில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்த நாள் முதல், வெள்ளிக்கிழமைகளில் எஞ்சினியர்களை மீன்பிடிக்க அழைத்துப் போவது பத்மநாதன்தான். மலையிலிருந்து வரும் ஊற்றுநீர் கடலோடு கலக்கும் கழியை அங்கே கோர் என்பார்கள். குளிர் முடியும் மாதங்களில் கடல் மணல்திட்டை உடைக்கும்போது பாரைகள் அதற்குள் ஏறும். எந்த வளைவில் நிற்க வேண்டும், நீர் எப்போது திரும்பும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். “பத்மன் இல்லாமல் மீன் இல்லை” என்று பெரிய எஞ்சினியர் அவர் தோளில் கை போடுவார். கம்பெனியில் வேறு யார் தோளிலும் அந்தக் கை விழுந்ததில்லை.

எண்பத்தாறு பெப்ரவரியில் அந்தக் கை இடம் மாறியது. கேம்ப் கடையைப் பார்த்துக்கொள்ளும் காயல்பட்டினத்து மீராசா, போன வருடம்வரை இரை கோக்கக்கூட அவரிடம் கேட்டவன், இப்போது லேண்ட் ரோவரின் முன் ஸீட்டில் உட்கார்ந்தான். வியாழன் சாயங்காலம் தனியாகப் போய் வாளி நிறைய மீனோடு வருவான். மறுநாள் அவன் கை காட்டிய இடத்தில் எஞ்சினியர்கள் தோள் வலிக்க வலிக்க மீன் இழுத்தார்கள். பின் ஸீட்டில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்திருந்த பத்மநாதனுக்கு வயிறு எரிந்தது. அவன் பிடரியைப் பார்த்தாலே எரிந்தது.

முள் படாத வாய்களைப் பார்த்த அன்றே கடைக்குப் போனார்.

“வலை போடுறீர்தானே தம்பி? உண்மையைச் சொல்லும்.”

“வலை இல்லண்ணே.”

“பிறகு எப்பிடி?”

“குடுக்குது. வாங்கிக்கிறேன். நீங்க அங்க வராதீங்க” என்றான்.

நாளெல்லாம் வளவளவென்று பேசிக்கொண்டிருந்தவன் அவன். இப்போது சொற்களைத் தேடி எடுத்துவைப்பவன்போலப் பேசினான். சட்டை ஈரமாயிருந்தது. பாசி வாடை. பத்மநாதனுக்கு அதிலெல்லாம் திமிர் மட்டுமே தெரிந்தது.

மீராசாவின் ரூமில் இருக்கும் மஹ்மூது வெளியே அவரைப் பிடித்துக்கொண்டான். “அவன் சோத்தத் தொடுறதே இல்லண்ணே. காலைல பாத்தா பாய் நனைஞ்சு கிடக்கு. உடம்புக்கு என்னமோ.”

காய்ச்சல் வந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த வியாழன் டியூட்டி முடிந்ததும் மீராசாவின் பின்னாலேயே போனார். வெயில் இறங்கி, நாணல்கள் காற்றில்லாமலே ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்க, நாரைகள் எப்போதும் நிற்கும் சேற்றில் ஒன்றுகூட இல்லாமல், அழுகிய பாசியும் உப்பும் கலந்த வாடை தொண்டையில் வந்து உட்கார, அவர் புதருக்குள் குந்தியிருந்து பார்த்தார். மீராசா கையில் தூண்டில் இல்லை. கைலியைக்கூட மடித்துக் கட்டாமல் நேரே நீருக்குள் நடந்தான். கழுத்துவரை. கைகளைத் தண்ணீருக்கடியில் நீட்டி நின்றான். பிறகு ஒவ்வொன்றாகப் பாரைகளைத் தூக்கிக் கரையில் வீசினான். அவை துள்ளவில்லை. எல்லாவற்றையும் வாளியில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கேம்ப் பக்கம் போனான்.

பத்மநாதனுக்கு அந்நேரம் பயம் வரவில்லை. இத்தனை வருடம் வந்த எனக்கு ஏன் கொடுக்கவில்லை என்ற நினைப்புதான் வந்தது. எனக்குத்தானே முதலில் கொடுத்திருக்க வேண்டும்.

செருப்பைக் கழற்றினார். இறங்கினார்.

தண்ணீர் எதிர்பாராத அளவு வெதுவெதுப்பாக இருந்தது. மார்பளவில் நின்று கைகளை நீட்டினார். வெகுநேரம் ஒன்றுமில்லை. நாணல் சத்தம் நின்றது.

உள்ளங்கையில் குளிர்ந்த செதில்.

மீன் தானாக வரவில்லை. வைக்கப்பட்டது. மெதுவாக, குழந்தையைக் கைமாற்றுவதுபோல. அவர் சிரித்துவிட்டார். இன்னொன்று. அதற்கும் சிரித்தார். “இன்னும் தா” என்றார் தண்ணீரைப் பார்த்து.

அடுத்தது கனமாக வந்தது.

மெதுமெதுவென்று. துணி சுற்றியிருந்தது. பித்தான் ஒன்று விரலில் பட்டது. பிறகு முடி.

தூக்கினார்.

மீராசா. நாள்பட ஊறிய முகம். கண்கள் இருந்த இடத்தில் சின்னச் சின்ன மீன்குஞ்சுகள்.

பிடியை விட்டார். கை வரவில்லை. அடியில் வேறு விரல்கள் அவருடைய விரல்களுக்குள் கோத்துக்கொண்டன. அவசரமே இல்லாமல்.

கரையில் வாளி வைக்கும் ஓசை.

திரும்பிப் பார்த்தார். கேம்ப் பக்கம் போனவன் திரும்பி வந்து நின்றிருந்தான். கடைசி வெளிச்சம் அவன் முகத்தில். அந்த முகம் மெழுகுபோல இளகி இறங்கிக்கொண்டிருந்தது. நெற்றி அகன்றது. காதோரம் நரைத்தது. மூக்கு பத்மநாதனுடையது. கண்கள் பத்மநாதனுடையவை.

வாய் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. அது அவரையே பார்த்துப் பார்த்து, விரல்களால் உதட்டை அழுத்திச் சரிசெய்துகொண்டிருந்தது.