சாம்பல் நிறத்தில் பதினேழு அழைப்புகள்

செத்துப்போனவனின் கையில் செல்போன் மட்டும் உயிரோடு இருந்தது.

'உதவி வந்துகொண்டிருக்கிறது. பயப்பட வேண்டாம்.'

திரையில் பச்சை எழுத்து மின்னிக்கொண்டிருந்தது...

வெள்ளிமலைக்கு ஏறும் மலைப்பாதையின் ஏழாவது வளைவு. கைப்பிடிச்சுவர் உடைந்திருக்க, முப்பதடி கீழே பாறையில் கிடந்தான் சிவசங்கர். வயது முப்பத்து நான்கு. கள்ளக்குறிச்சியில் சாஃப்ட்வேர் கம்பெனி வைத்திருந்தவன். அவன் கையிலிருந்த உதவி ஆப்பை உருவாக்கியவனும் அவனேதான்!

உதவி வரவில்லை.

மதியம் மூன்று மணிக்குத் தினை மூட்டைகளோடு இறங்கிக்கொண்டிருந்த அய்யப்பன், உடைந்த சுவரைப் பார்த்து ஜீப்பை நிறுத்தினார். அப்போது உடம்பு சில்லிட்டிருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை.

கடைவீதியில் ஜவுளிக்கடை மாடியிலிருந்த சிவசங்கரின் சின்ன ஆபீசுக்குள் நுழைந்த இன்ஸ்பெக்டர் பாரதி, வாசலிலேயே நின்றுவிட்டார்.

அவன் மனைவி சுபஸ்ரீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க இங்க இன்னா பண்றீங்க? ஆஸ்பத்திரில போஸ்ட்மார்ட்டம் நடந்துக்கினு இருக்கு."

"அங்க ஒக்காந்து நான் இன்னா மேடம் பண்ணப்போறேன்..."

அவள் அழவில்லை. நேற்றிலிருந்தே அழவில்லை. காலையில் தன் கையைக் கிள்ளிப் பார்த்தாள். வேறு யாரையோ கிள்ளியது போலிருந்தது. மேஜைமேல் டீ ஆடை கட்டிக் கிடந்தது.

பாரதி எதிரே உட்கார்ந்தார்.

"எனக்கு கம்ப்யூட்டர் அவ்ளோவா தெரியாது. வெளங்கற மாதிரி சொல்லுங்க. இந்த ஆப்பு இன்னா பண்ணும்?"

"மலையில பேச சிக்னல் கெடைக்காது. ஆபத்துன்னா ஆப்புல பட்டனை அழுத்துனா போதும். எப்படியாச்சும் இங்க வந்து சேர்ந்துரும். அழுத்துனவங்களுக்கு 'உதவி வருது'ன்னு தானா பதில் போயிரும். மணி அடிக்கும். வெள்ளிமலைலேர்ந்து ஜீப்பு கெளம்பும். இப்போ எரநூறு வூட்ல வச்சிப் பாத்துக்கினு இருக்கோம். ஒரு அறக்கட்டளைக்காக செய்யறது."

"உங்க வேலை?"

"டெஸ்ட்டர். வாராவாரம் வியாழன் பத்துலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் லோட் டெஸ்ட் பண்ணுவேன்."

"அப்படின்னா?"

"ஐயாயிரம் பேரு ஒண்ணா பட்டன் அழுத்தற மாதிரி பொய்யா அனுப்புவேன். தாங்குதான்னு பாக்கணும். மழையில மண்ணு சரிஞ்சா மொத்த மலையும் ஒண்ணாத்தான அழுத்தும்?"

"அதை எதுக்கு வாராவாரம்? எல்லாம் முடிச்சிட்டு ஒரு தடவை பண்ணா போதாதா?"

இந்தக் கேள்வியை அவள் கணவன் வாயிலிருந்து முப்பது வாரமாகக் கேட்டுச் சலித்திருந்தாள்.

"கட்டி முடிச்சிட்டு பண்ணா, வுழுந்துச்சுன்னு தெரியும் மேடம். எந்த வாரம் வச்ச கல்லால வுழுந்துச்சுன்னு தெரியாது."

பாரதி தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நேத்து வியாழக்கிழமை. உங்க வூட்டுக்காரர் செத்தது பதினொரு மணிக்குள்ள. சுவரு தானா ஒடையல... கடப்பாரை போட்டு நெம்பியிருக்காங்க. கீழயே கெடந்துச்சு. ரேகை எடுக்க அனுப்பியிருக்கேன். நெம்புனவன் எவனோ, அவனைப் பிடிச்சிருவேன். ஆனா அவரு வுழுந்தப்புறமும் உசுரோட இருந்திருக்காரு. பட்டன் அழுத்தியிருக்காரு. உங்க ஐயாயிரம் பொய்யில அவரோட நெசம் காணாம போயிருச்சு... அப்படித்தான?"

சுபஸ்ரீ ஆடை கட்டிய டீயைத் தள்ளிவைத்தாள்.

"கவனக்குறைவால மரணம்னு எழுதுனா மொதல்ல உங்க பேருதான் வரும்."

"எழுதுங்க. ஆனா நாந்தான் கொன்னேனான்னு எனக்குத் தெரியணும் மேடம். அது தெரியாம நான் வூட்டுக்குப் போவ மாட்டேன்."

அதற்காகத்தான் அவள் இங்கே உட்கார்ந்திருந்தாள். கட்டினவன் பிணவறையில் கிடக்க, ஆபீசில் வந்து உட்கார்ந்தவளை ஊர் என்ன சொல்லும் என்பதெல்லாம் அவளுக்கு உறைக்கவே இல்லை.

மூலையில் நின்றிருந்த செழியன் தொண்டையைச் செருமினான். அழைப்புகளைப் பார்த்து ஜீப் அனுப்புவது அவன் வேலை.

"டெஸ்ட் கால் சாம்பல் கலர்ல சத்தமில்லாம போவும் மேடம். நெச கால் செவப்பு, மணி அடிக்கும். நேத்து மணியே அடிக்கல. என் கொழந்தை மேல சத்தியமா."

"அந்தக் கலர் பிரிக்கறது யாரு எழுதுனது?"

"நான்," என்றாள் சுபஸ்ரீ. "பத்தொம்போதாவது வாரம் நடு டெஸ்ட்ல ஒரு பிரசவ கால் வந்துச்சு. செவப்பாத்தான் வந்துச்சு. ஜீப்பு போச்சு, பொண்ணு பொறந்துச்சு. நேத்து மட்டும் ஏன் வரல?"

கீபோர்டைத் தட்டினாள். நேற்றைய பட்டியல் விரிந்தது. அடிவரைக்கும் இறங்கிப்போய் நின்றாள்.

"நான் அனுப்புனது ஐயாயிரம்... சாம்பல்ல ஐயாயிரத்துப் பதினேழு கீது."

பாரதி நாற்காலியை அருகே இழுத்தார்.

பதினேழும் சிவசங்கரின் போனிலிருந்து வந்தவை. முதல் அழைப்பு பத்து பன்னிரண்டுக்கு. அப்புறம் பத்தொன்பது நிமிடம் சத்தமில்லை. பத்து முப்பத்தொன்றிலிருந்து வரிசையாகப் பதினாறு. கடைசி அழைப்பு பத்து ஐம்பத்திரண்டுக்கு.

"ஒரு தடவை அழுத்திட்டு பத்தொம்போது நிமிஷம் சும்மா இருந்தாரா?" பாரதியின் புருவம் சுருங்கியது. "எது எப்படியோ... நெச காலு சாம்பலாயிருக்கு. நீங்க எழுதுனதுல கோளாறு. ஒத்துக்கிறீங்களா?"

"முப்பது வாரமா இல்லாத கோளாறா?"

அவள் இன்னொரு படத்தைத் திறந்தாள். முப்பத்தொரு வாரத்துக்கு முப்பத்தொரு கோடுகள். முப்பது கோடு ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருந்தது. ஒன்று மட்டும் கொஞ்சம் மேலே.

"ஒரு காலுக்கு இருவது மில்லி செகண்டு ஆவும். நேத்து இருவத்தாறு. ஆறு ஜாஸ்தி."

"ஆறு மில்லி செகண்டா? கண்ணை சிமிட்டக்கூட பத்தாதும்மா."

"ஒருத்தர் அழுத்துனா தெரியாது. ஐயாயிரம் பேரு அழுத்துனா கோடு மேல போவும். போன வாரத்துக்கும் நேத்துக்கும் நடுவுல எவரோ ஒரு வேலையைக் கூட சேத்திருக்காங்க மேடம். ஒவ்வொரு காலையும் நிறுத்தி எதையோ கேக்குது."

தேடினாள். அரை மணி நேரம் ஆனது. செழியன் கொண்டுவந்த புது டீயும் ஆறியது.

"கெடைச்சிருச்சு."

குரலில் ஏற்றமில்லை, இறக்கமில்லை.

"ஏழாவது வளைவுலேர்ந்து கால் வந்தா, அதை டெஸ்ட்டுன்னு வச்சிக்கோ. சாம்பலாக்கு. இதான் அது. புதன்கெழமை சாயங்காலம் சேத்திருக்காங்க."

"யாரு?"

"அவருதான். அவரு எழுதறதை வேற யாரும் தொறந்துகூட பாக்க மாட்டோம்."

பாரதி சிரிக்கப் பார்த்து, அடக்கிக்கொண்டார்.

"தன்னோட காலைத் தானே அடைச்சிக்கினு தானே போய் வுழுந்தாரா? தற்கொலைன்னா எதுக்கு பதினாறு தடவை உதவி கேக்கறாரு?"

பாரதி குரலைத் தணித்துக்கொண்டார்.

"உங்களுக்குள்ள சண்டையா?"

"மூணு வாரமா வூட்ல பேச்சே கம்மி மேடம். ஐயாயிரம் அனுப்புனா கடைசி முந்நூறு பேருக்கு பதிலே போவறதில்ல. அவரு எழுதுன எடத்துலதான் கோளாறு. சரி பண்ண ஆறு மாசம் ஆவும். போன திங்கக்கெழமை, இன்னும் ரெண்டு வாரத்துல ஒப்படைக்கணும்னாரு. டெஸ்ட்ல தேறிருச்சுன்னு கையெழுத்து போடுன்னாரு. முந்நூறு உசுருக்கு நான் போட மாட்டேன்னுட்டேன்."

"நீங்க போடலன்னா?"

"அறக்கட்டளை வாங்காது. வேற எந்த ஊர்லயும் எடுக்க மாட்டாங்க. கம்பெனி அவ்ளோதான்."

"டெஸ்ட்டரே இல்லன்னா?"

"ஓனரே போட்டுக்கலாம்."

சொல்லிவிட்டு அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பாரதியின் செல்போன் ஒலித்தது. "சொல்லுய்யா," என்றார். கேட்டார். வைத்தார்.

"கடப்பாரைல ஒருத்தரோட ரேகைதான் கீதாம். உங்க வூட்டுக்காரரோடது."

சுபஸ்ரீயின் கண்கள் திரையைவிட்டு நகரவில்லை. அவன் எழுதிய வரிகளின் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது.

"இது எல்லா நாளும் வேலை செய்யாது மேடம். ரெண்டே நாளுதான். டெஸ்ட் நேரத்துல மட்டும். ஒண்ணு நேத்து..."

"இன்னொண்ணு?"

"அடுத்த வியாழன்."

"அன்னிக்கு அந்த வளைவுக்கு யாரு போறதா இருந்துச்சு?"

சுபஸ்ரீ மெதுவாகத் திரும்பினாள்.

"நான்."

செழியன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"டெஸ்ட்டை செழியன் பாத்துக்கட்டும், நீ ஒரு தடவை சிக்னலை நேர்ல வந்து பாருன்னாரு. ஏழாவது வளைவுலேர்ந்து பாத்தா கீழ ஊரெல்லாம் தெரியும்னாரு. மூணு வாரத்துல அப்படி சொன்ன அன்னிக்குத்தான் சிரிச்சிப் பேசுனாரு. எனக்கு சந்தோஷமா இருந்துச்சு மேடம்."

பாரதி பட்டியலை மறுபடி பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்போ நேத்து பத்து பன்னெண்டுக்கு அழுத்துனது..."

"மணி அடிக்குதான்னு பாத்திருக்காரு. ஆபீஸ் பட்டியல் அவரு போன்லயும் வரும், சாம்பலா போனது தெரிஞ்சிருக்கும். அப்புறம் சுவத்தை நெம்பப் போயிருக்காரு. பத்தொம்போது நிமிஷம் நெம்பியிருக்காரு. கல்லோட சேந்து அவரும் போயிட்டாரு." கணக்குப் போடுவது போல விரலை மடக்கினாள். "எட்டு நிமிஷம் தாங்கியிருந்தா பதினொண்ணு ஆயிருக்கும். மணி அடிச்சிருக்கும்."

நான் கொல்லவில்லை. அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் நெஞ்சில் ஒன்றும் இறங்கவில்லை. அழலாம் என்று பார்த்தாள். யாருக்காக அழுவது என்று புரியவில்லை.

பாரதி தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அடுத்த வியாழனுக்கு வச்ச வேலைய, ஒரு வாரம் முன்னாடியே போய் இன்னாத்துக்கும்மா செஞ்சிப் பாக்கணும் அந்த ஆளு?"

சுபஸ்ரீ கம்ப்யூட்டரை அணைத்தாள்.

"எதையும் முன்கூட்டியே டெஸ்ட் பண்ணிப் பாருங்கன்னு ஆறு வருஷமா கத்திக்கினு இருந்தேன் மேடம்... ஒரே ஒரு தடவைதான் என் பேச்சைக் கேட்டாரு."