அந்த அரை மணி நேரம்

காலை 11.40. குடலிறக்க அறுவை முடிந்து கண் விழித்த சுமைதூக்கி தன் இடது கையைப் பார்த்தார். மோதிரம் இல்லை. செத்துப்போன மனைவி போட்டுவிட்டது.

மாலை 4.00. பெண் ஏட்டு வந்தார். தலையணை ஒத்துவராமல், பையிலிருந்த, மூட்டைக்கு அடியில் தலையில் வைக்கும் சும்மாட்டுத் துண்டை எடுத்துத் தரச்சொல்லி, சுருள் பிரிக்காமல் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார் சுமைதூக்கி. கதவோரம் மருத்துவமனை ஆயா. மோதிரம் கிடைக்காவிட்டால் நாளை முதல் அவளுக்கு வேலை இல்லை.

“மோதிரத்தைக் கழட்டுவீங்களா?”

“மூட்டை தூக்குறப்ப மட்டும். விரல் மாட்டுனா துண்டாயிடும்.”

“கடைசியா என்ன ஞாபகம்?”

“ஒம்பது பத்துக்கு ஊசி. அதோட மயங்கிட்டேன். அப்ப விரல்ல இருந்துச்சு. என்னைத் தள்ளிட்டுப் போனது இந்தம்மாதான்.”

“மோதிரத்தைச் சொந்தக்காரங்ககிட்ட குடுங்கன்னேன். நானே வச்சுக்கறேன்னு பையைக் கேட்டு வாங்கினீங்களேண்ணே!” என்றாள் ஆயா.

“பச்சைப் பொய். உன்கிட்ட நான் பேசவே இல்ல.”

“உங்க கூட யாரு?” என்றார் ஏட்டு.

“தம்பி. வெளிய போயிருக்கான்.”

கட்டிலருகே நாற்காலி மடித்தபடியே இருந்தது, தூசியோடு.

4.25. மயக்க மருத்துவர் குறிப்பேட்டைப் புரட்டினார். “9.10 ஊசி பயம் போறதுக்கு. ஆள் முழிச்சிருப்பார், பேசுவார். மனசுல எதுவும் பதியாது. மயக்கம் குடுத்தது 9.40.”

“மயக்கத்துல மூளை அணைஞ்சிடுமா?”

“இல்லம்மா. காதுல விழுற சத்தம் மூளைக்குப் போகும். ஆனா ஒரு பகுதி இன்னொரு பகுதியோட பேசாது. எல்லா அறையிலயும் ஆள் இருந்தும் கதவெல்லாம் சாத்தியிருக்கிற வீடு மாதிரி.”

4.40. ஏட்டு திரும்பி வந்தார்.

“மோதிரத்தை எடுத்தது நீங்கதான்.”

“என்னம்மா விளையாடுறீங்களா?”

“ஊசிக்கப்புறம் அரை மணி நேரம் முழிச்சிருந்தீங்க. மூட்டை தூக்குறதுக்கு முன்னால மோதிரத்தைக் கழட்டி எங்க வைப்பீங்க?”

அவர் கை தானாகத் தலைக்கு அடியில் போனது. சுருளைப் பிரித்தார். மோதிரம் விரிப்பில் விழுந்தது.

“மனசுல பதியல. கைக்கு வழக்கம் தெரிஞ்சிருக்கு,” என்றார் ஏட்டு. “தம்பி இருந்திருந்தா அவர்கிட்ட குடுத்திருப்பீங்க.”

“தம்பி கிடையாதும்மா. கூட ஆள் இல்லாம ஆபரேசன் பண்ண மாட்டோம்னாங்க.”

ஏட்டு தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். ஆயா துடைப்பத்தை எடுத்தாள்.

“மன்னிச்சிரும்மா,” என்றார் அவர். “அந்த அரை மணி நேரம் நான் என்ன பேசினேன்?”

“உங்க வீட்டம்மாவைப் பத்திதான்.”

“அழுதேனா?”

“இல்லண்ணே. சிரிச்சுக்கிட்டே இருந்தீங்க.”

அவர் மடித்த நாற்காலியைக் காட்டினார். “அதை விரிச்சு உக்காரும்மா. என்ன சொன்னேன்னு ஒவ்வொண்ணா சொல்லு.”