கட்டில் கம்பியில் ஒரு தட்டு

சாம்பியன் ரீப்ஸில் ரயிலைவிட்டு இறங்கும்போதே கரோலினுக்குக் கால்கள் கழன்றுவிடும்போல் இருந்தது. பெங்களூரிலிருந்து நின்றுகொண்டே வந்த களைப்பு. சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் கரண்ட் இல்லை. அந்தி வெளிச்சத்தில், தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடு சாம்பலாய்த் தெரிந்தது.

பக்கத்து வீட்டுத் தங்கம்மா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"இன்னா கரோலின், உள்ளதான இருந்த? எப்போ வெளிய போன?"

"இப்பதான்கா வர்றேன். ரயில்லேர்ந்து."

"யாரு காதுல பூ சுத்துற? மத்தியானமே வந்துட்ட. அதான் உங்க மாமாவ நான் எட்டிக்கூடப் பாக்கல."

கரோலின் கதவைத் தள்ளினாள். டெட்டால் வாடை. அதற்கடியில் ஈரப் பாறையின் வாடை.

மாமனார் வால்டர் படுத்த படுக்கை. பேச்சும் போய்விட்டது. சுரங்கத்தில் ஆட்கள் போய்வரும் கூண்டை, கேஜை, ஏற்றி இறக்க மணியடித்தவர், இப்போது கரண்டியால் கட்டில் கம்பியைத் தட்டித்தான் பேசுவார். மூன்று தட்டினால் ஆள் வேண்டும். ஒன்று தட்டினால் நிறுத்து. அந்த மணியோசைக் கணக்கை அவர் மறக்கவில்லை.

டிங்.

ஒன்று.

கட்டிலருகே ஒருத்தி நின்றிருந்தாள். கரோலினின் அதே நீலச் சுடிதார். கழுத்தில் அதே ஆபீஸ் அட்டை. அதே முகம்.

கையில் தலையணை.

அந்த முகத்தில் கோபம்கூட இல்லை. களைப்புதான்.

"நான் அப்படி நினைச்சதே இல்ல," என்றாள் கரோலின் மெல்ல.

தலையணை கிழவரின் முகத்தை நோக்கி இறங்கியது. அதன் கனம் கரோலினின் கைகளில் தெரிந்தது.

"மாமா எனக்கு அப்பா மாதிரி."

இன்னும் இறங்கியது.

டிங். இம்முறை சத்தம் மெலிந்திருந்தது.

பொய் சொல்லச் சொல்லத்தான் அது இறங்குகிறது.

"நினைச்சேன்," என்றாள். "காலைல கஞ்சி ஊட்டறப்ப நினைச்சேன். நேத்தும் நினைச்சேன். போய்ச் சேரமாட்டாரான்னு தினமும்தான் நினைக்கறேன். போதுமா? ஆனா செய்யமாட்டேன்."

தலையணையோடு நின்றவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கரோலினை நோக்கி நடந்து வந்தாள். நிற்கவில்லை.

மூடிய சுரங்கக் குழியின், ஷாப்ட்டின், இடுக்கிலிருந்து வருமே, அப்படியொரு குளிர் காற்று நெஞ்சுக்குள் புகுந்தது. அறையில் வேறு யாரும் இல்லை.

கரோலின் கட்டிலோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

"பயப்படாதீங்க மாமா. போயிடுச்சு."

வால்டர் கதவைப் பார்க்கவில்லை. அவள் கண்களையே பார்த்தார். பிறகு அவள் மடியை.

மடியில் தலையணை இருந்தது. அதை எப்போது எடுத்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

டிங்.

ஒன்று.