ரப்பர்க்காய் வெடித்த நேரம்

பட்டென்று ஒரு சத்தம்...

அடுத்த நொடி நவமணி தரையில் கிடந்தாள். அவள் தூக்கி வந்த வாளி உருண்டு, விடியலிலிருந்து மரம் மரமாய் வெட்டிச் சேர்த்த ரப்பர் பாலெல்லாம் சருகில் ஓடியது. அவள் மேல் கவிந்திருந்தவனோ வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தான்!

"யோவ்! எந்திரிய்யா!"

அவன் பதறி விலகினான். பீடோர் பக்கத்து அந்தத் தோட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த பத்துமலை. எப்போது வேண்டுமானாலும் மழை கொட்டிவிடும் போலக் கண்கள்...

"பெருசா சத்தம் கேட்டுச்சே..."

"ரப்பர்க்காய் வெயிலுக்கு வெடிச்சிருக்கு லா! அதுக்கா இந்தக் கூத்து? நல்ல பயந்தாங்கொள்ளி!"

கூட வந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

நவமணிக்குக் கோபம்தான். ஆனால் அந்தக் கண்கள் மட்டும் ஏன் லயத்து வீடு வரைக்கும் கூடவே வந்தன?

மறுநாள், கீழே விழுந்ததில் சிராய்த்த முழங்கைக்கு மருந்து போட்டுக்கொண்டே தோட்டத்து டிரஸ்ஸர் சூசைநாதன் சொன்னார்.

"போன வருஷம் செமோர் தோட்டத்துல மரம் சாய்ச்சப்போ கிளை படார்னு முறிஞ்சு பத்துமலை முதுகுல விழுந்துச்சும்மா. கூட அடிபட்ட சன்னாசி அடுத்த மாசமே பாட்டுப் பாடிக்கிட்டு வேலைக்கு வந்துட்டான். இவன் சுபாவம் வேற. எதையும் உள்ளுக்குள்ளயே வெச்சுக்கிறவன். எலும்பு கூடிருச்சு, பயம் போகல. இப்ப சிலிபினுக்குக் கிளம்பிட்டான். ரப்பர் மரமே இல்லாத இடம் வேணுமாம்."

ஐயோ, என் வாயால் அல்லவா போகிறான்! நவமணி ஓடினாள்.

செம்மண் சாலையில் தகரப்பெட்டியோடு நின்றிருந்தான் அவன்.

"எனக்கும் பால் வெட்டுற கத்தி கால்ல இறங்கியிருக்கு. புண்ணு ஆறுனதும் மறந்துட்டேன். எல்லாரும் என்னை மாதிரின்னு நெனச்சுப் பேசிட்டேன்... மன்னிச்சுக்குங்க."

"நீ சொன்னது சரிதான் புள்ள. நான் பயந்தாங்கொள்ளிதான்..."

பட்!

தலைக்கு மேலே மறுபடியும் ஒரு காய். பெட்டி கீழே விழ, அவள் தலையை இரு கைகளாலும் பொத்தி, மரத்துக்குத் தன் முதுகைக் காட்டி நின்றான் பத்துமலை. உடம்பெல்லாம் நடுக்கம்.

அவன் கைகளுக்குள்ளிருந்து மெல்லக் கேட்டாள்.

"பயந்தவன் ஓடுவான்... நீங்க ஏன் ரெண்டு தடவையும் என்னை மூடிக்கிட்டீங்க?"

தூறல் விழத் தொடங்கியது. இலைகளெல்லாம் மெதுவாகச் சலசலத்தன... அவன் கைகளை மெல்ல எடுத்தான்.

"காலையில பெரட்டுல பேர் கூப்பிட நிக்கிறப்ப தினமும் உன்னைத்தான் பார்ப்பேன். சத்தம் கேட்டா... என் முதுகு ஞாபகம் வரல. நீதான் ஞாபகம் வந்தே."

நவமணியின் கண்கள் நிறைந்தன.

"எனக்கு இந்த நடுக்கம் போகாமலே இருந்துட்டா?"

"இருந்துட்டுப் போகட்டும்..." அவன் விரல்களை இறுகப் பற்றினாள். "சிலிபினுக்குப் போறதுன்னா, எங்க வீட்டுல வந்து என்னைப் பொண்ணு கேட்டுட்டுப் போங்க."