இன்னொரு ரயில் வரலாம்

வீப்ரன் ஹோக்ஸ்ட்ராவின் பண்ணைக்குள் ஹில்யா காரைத் திருப்பியபோது மணி மூன்றுகூட ஆகவில்லை. அதற்குள் மூடுபனி தரைக்கு இறங்கிவிட்டது. வட நெதர்லாந்தின் அந்தச் சமவெளியில் நவம்பர் மாதத்தில் பகல் என்று தனியாக ஒன்று கிடையாது; விடிகிற மாதிரி இருக்கும், விடியாது. களத்தில் சர்க்கரை ஆலைக்குப் போகவேண்டிய பீட் கிழங்கு மலையாகக் குவிந்து கிடந்தது. ஈரமண்ணும் அழுகிய இனிப்பும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு பச்சை டிராக்டர் புறப்படத் தயாராக நின்றது.

வீப்ரனுக்கு அறுபது வயதிருக்கும். முன்பின் தெரியாத பெண்ணை உள்ளே கூப்பிட்டு, காபி ஊற்றி, பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒன்றே ஒன்றை எடுக்கவிட்டு டப்பென்று மூடினார். அந்த ஊர் உபசாரம் அவ்வளவுதான்.

"நான் ரயில் ஓட்டுறவ," என்றாள் ஹில்யா. "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஃபென்னாவோட கார்மேல மோதின வண்டி என்னுது."

வாய்க்குப் போன கோப்பையை வீப்ரன் மேசையில் வைத்தார்.

"உன்மேல ஒரு தப்பும் இல்லம்மா. கேட் எறங்கியிருக்கு, சிவப்பு விளக்கு மினுக்குது, மணி அடிக்குது. அதுக்கப்புறமும் ஒருத்தி காரை விடுவாளா? அவளா தேடிக்கிட்டது."

அவளா தேடிக்கிட்டது. எல்ஸ்ப்ரூக் ஊரே இரண்டு வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஹில்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவளா தேடிக்கல. நீங்க கை காட்டினீங்க."

"நானா?"

"நான் பார்த்தேன்."

அன்று நடந்தது இதுதான். அந்த ஊர் ரயில்வே கேட் சாலையில் பாதியைத்தான் மறைக்கும். வண்டிகள் போகிற வலது பாதியில் கட்டை இறங்கும். இடது பாதி திறந்தே கிடக்கும், நடுவில் மாட்டிக்கொண்டவன் வெளியே வருவதற்கு. வெளியே வர வைத்த வழியில் உள்ளே நுழைகிற அறிவாளிகள்தான் எத்தனை பேர்! பதினோரு வருஷ ஓட்டத்தில் ஹில்யா அத்தனை பேரையும் பார்த்திருக்கிறாள். போனில் பேசிக்கொண்டே வளைந்து போகிறவன். பின்சீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போகிறவள். தப்பித்ததும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறவன். இரண்டு நிமிஷம் நிற்க முடியாதா? நிற்காமல் போய் எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போகிறீர்கள்? செத்தவனுக்கு மோதுகிற அந்தச் சத்தம் கேட்காது. ஓட்டுகிறவளோடு அது வீட்டுக்கு வரும், சாப்பிட உட்காரும், படுக்கையிலும் கூடவே படுக்கும்.

ஆனால் ஃபென்னா அந்த ரகம் இல்லை. வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் கவனிக்கிற நர்ஸ். வீங்கிய கால்களுக்குப் போடும் இறுக்கமான காலுறைகளை இழுத்து மாட்டிவிட, மஞ்சள் ரப்பர் கையுறை போட்டிருப்பாள். அடுத்த வீட்டுக்குப் போகும்போதும் அதைக் கழற்றமாட்டாள். அன்று காலை கேட்டில் வீப்ரனின் டிராக்டருக்குப் பின்னால்தான் நின்றாள். ஒரு ரயில் போனது. கேட் எழவில்லை. 'இன்னொரு ரயில் வரலாம்' என்று கம்பத்து விளக்குப் பலகை எரிந்தது.

டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. சாலை குறுகல், டிரெய்லருக்குப் பின்னால் வருகிற காருக்கு முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது. உயரத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்த்து, வழி காலி என்றால் இடது ஜன்னலில் கையை நீட்டி 'வா, போ' என்று வீசுவார். அந்தக் கையை அங்கே யாரும் சந்தேகப்பட்டதே கிடையாது.

முதல் ரயிலின் கடைசிப் பெட்டி விலகியதும், எதிர்ப்பாதையில் வந்த ஹில்யாவுக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. டிராக்டர், ஜன்னலுக்கு வெளியே ஆடிய கை, அந்தக் கையை நம்பி இடது பாதியில் முன்னே வந்த சின்ன நீலக் கார். பிறகு தண்டவாளத்தோடு நடந்துபோனபோது ஜல்லியில் ஒரு மஞ்சள் கையுறை கிடந்தது. அதன் ஜோடி கடைசிவரை கிடைக்கவில்லை. விசாரணையில் வீப்ரன், "நான் கையே நீட்டல," என்றார். அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஹில்யா சொன்னதை, அதிர்ச்சியில் உளறுகிறாள் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

"ரெண்டு வருஷம் மனசு சரியில்லாம வீட்டுல கெடந்தேன். நாளைக்குக் காலைல இதே லைன்ல திரும்ப ஓட்டப்போறேன்," என்றாள் ஹில்யா. "அதுக்கு முன்னாடி நீங்க ரென்ஸகிட்ட உண்மையைச் சொல்லிடணும்."

ரென்ஸ, ஃபென்னாவின் கணவன். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். பெண்டாட்டியின் படத்தை முகம் தெரியாமல் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டானாம். அவசரக்குடுக்கை, என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டா என்று இன்னும் அவளைத் திட்டிக்கொண்டிருக்கிறானாம்.

"அந்த வேகத்துல நீ எதையோ பார்த்திருக்க," என்று வீப்ரன் எழுந்தார். "ஆலைல எனக்கு நேரம் குறிச்சிருக்காங்க. கெளம்பு."

வேறு சாலை இல்லாததால் ஹில்யா அந்த டிராக்டருக்குப் பின்னாலேயே போக வேண்டியிருந்தது. சக்கரங்கள் சேற்றை வாரி அவள் கண்ணாடியில் இறைத்தன. கேட்டை நெருங்கும்போது மணி அடித்தது. கட்டை இறங்கியது. பனிக்குள் சிவப்பு விளக்குகள் மாறி மாறி மினுக்கின. ஒரு ரயில் வந்தது தெரியாமல் வந்து போனது.

மணி நிற்கவில்லை.

பலகை எரிந்தது. இன்னொரு ரயில் வரலாம்.

டிராக்டரின் இடது ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்தது.

நிதானமாக ஆடியது. வா. போ. வா.

ஹில்யாவுக்கு முதலில் பயம் வரவில்லை. மனுஷனா இவன், மறுபடியுமா என்று ரத்தம் கொதித்தது. கார்க் கதவை அறைந்துவிட்டு ஓடினாள்.

"யோவ்! ஒரு உசிரு போதாதா உனக்கு? இன்னொண்ணும் வேணுமா?"

படியில் தாவி ஏறி ஜன்னலை ஓங்கித் தட்டினாள்.

ஜன்னல் மூடியிருந்தது.

உள்ளே வீப்ரனின் இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவர் கதவை ஒரு விரலளவு திறந்தார். உள்ளிருந்து ரப்பர் வாடையும் ஆஸ்பத்திரி சோப்பு வாடையும் வந்தன.

"நீயும் பார்த்தியா?" என்று கிசுகிசுத்தார். "மஞ்சக் கை."

கை மஞ்சளாகத்தான் இருந்தது. கோபத்தில் அவளுக்கு உறைக்கவில்லை. இப்போது உறைத்தது.

"எப்பலேர்ந்து?"

"அன்னிலேர்ந்து. இந்தக் கேட்ல, பின்னால யாராச்சும் நின்னா வந்துடும். ஜன்னலுக்கு ஸ்குரு போட்டுட்டேன். அப்பவும் வருது."

"அன்னிக்குக் கை காட்டினது நீங்கதானே?"

வீப்ரன் கலங்கிய கண்ணோடு தலையசைத்தார்.

"நான்தான். வண்டி போயிடுச்சு, கேட் மாட்டிக்கிச்சுன்னு நெனச்சேன். அடிக்கடி மாட்டும். என் டிரெய்லர் அந்த எடது பாதில வளையாது. அவளாச்சும் போகட்டுமேன்னு காட்டினேன்."

இரண்டாவது ரயில் காற்றோடு காற்றாக இரைந்து போனது. மணி அடங்கியது. கட்டை எழுந்தது.

"வாங்க," என்றாள் ஹில்யா. "இப்பவே ரென்ஸ வீட்டுக்குப் போவோம்."

கட்டை எழுந்ததுமே அந்த ஆளுக்கு உயிர் திரும்பிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னிக்கு முடியாது. லோடு இருக்கு." கதவை இழுத்துச் சாத்தப் போனவர் ஒரு கணம் நின்றார். "நான் ஒண்ணும் சொல்லல, கேட்டியா? நீ மனசு சரியில்லாம ரெண்டு வருஷம் வீட்டுல கெடந்தவ. உன் பேச்சை யாரு நம்புவா?"

டிராக்டர் தண்டவாளத்தைத் தாண்டிப் போனது. ஹில்யா நடுச்சாலையில் நின்று, அது போன திசையைப் பார்த்துத் தூவென்று துப்பினாள்.

மறுநாள் காலை எட்டரை. பனி சுத்தமாக விலகியிருந்தது. ஹில்யாவின் ரயில் மணிக்கு நூற்றிருபதில் ஓடிக்கொண்டிருந்தது. நேர்ப்பாதையின் கடைசியில் கேட் தெரிந்தது, கட்டை இறங்கியிருந்தது. பச்சை டிராக்டர் நின்றது. அதன் பின்னால் கூரையில் ஏணி கட்டிய வெள்ளை வேன். சவ அடக்கத்தன்று பார்த்த வேன், ரென்ஸவுடையது. எதிர்ப்பாதையில் ஒரு சரக்கு ரயில் அப்போதுதான் கேட்டைத் தாண்டி அவளைக் கடந்துகொண்டிருந்தது.

அதன் கடைசி வண்டி விலகியது.

டிராக்டர் ஜன்னலில் மஞ்சள் கை.

வா. போ. வா.

வேன் மெல்ல வெளியே வந்தது.

ஹில்யா பிரேக்கை முழுக்க இழுத்தாள். ஹாரனை அழுத்தியபடியே, "நில்லுடா! நில்லு!" என்று கண்ணாடியைப் பார்த்துக் கத்தினாள். அந்த வேகத்தில் ரயில் யார் சொல்லியும் நிற்காது. சக்கரங்கள் கிறீச்சிட்டன. இரண்டு வருஷம் கூடவே படுத்த சத்தத்துக்காக அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

டிராக்டர் கதவு திறந்தது. வீப்ரன் குதித்தார். குதித்தார் என்ன, விழுந்தார். எழுந்து ஓடி, இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு வேனுக்கு முன்னால் நின்றார்.

ரயில் கேட்டைத் தாண்டியது.

அந்தச் சத்தம் வரவில்லை.

அறுநூறு மீட்டர் தள்ளி ரயில் நின்றது. ஹில்யா ரேடியோவை எடுத்தாள்.

"யாராச்சும் அடிபட்டாங்களா?" என்றது கட்டுப்பாட்டு அறைக் குரல்.

"தெரியல, போய்ப் பார்க்கிறேன். எதிர்ல எதையும் விட்டுடாதீங்க."

"ரெண்டு பக்கமும் நிறுத்தியாச்சு. ஒண்ணும் வராது."

ஜல்லியில் கால் புதைய நடந்தாள். பாதி வழியிலேயே குரல்கள் கேட்டன. ரென்ஸ வேனை விட்டிறங்கி வீப்ரனின் சட்டையைப் பிடித்திருந்தான்.

"அது அவ கையுறை! நான் வாங்கிக் குடுத்தது. அவ என்னைக் கூப்பிட்டா. நீ எதுக்குய்யா குறுக்க வந்த?"

"கேளு, ரென்ஸ. அன்னிக்கு அவளை நான்தான் கூப்பிட்டேன். போன்னு நான்தான் கை காட்டினேன். விசாரணைல பொய் சொன்னேன்."

ரென்ஸவின் பிடி தளர்ந்தது.

"ரெண்டு வருஷம்," என்றான். "ரெண்டு வருஷமா நான் அவளைத் திட்டிக்கிட்டிருக்கேன்யா. அவ மொகத்தைக்கூடப் பார்க்காம."

ஓங்கி ஓர் அறை விட்டான். வீப்ரன் தடுக்கவில்லை. ரென்ஸ அப்படியே சாலையில் உட்கார்ந்து, பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதான். ஹில்யா அவன் பக்கத்தில் போய் நின்றாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி ஃபென்னா போய்விடுவாள் என்று நினைத்தாள்.

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

கட்டை எழவில்லை. சிவப்பு விளக்குகள் அணையவில்லை. கம்பத்தில் பலகை எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் நிறுத்தியாச்சு என்றார்களே?

தண்டவாளம் மெல்ல முனகத் தொடங்கியது.

ஹில்யா டிராக்டரை நிமிர்ந்து பார்த்தாள். கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. ஸ்குரு போட்ட இடது ஜன்னலுக்கு வெளியே அந்த மஞ்சள் கை நீண்டிருந்தது. இப்போது அது வேனைக் கூப்பிடவில்லை, ரென்ஸவையும் கூப்பிடவில்லை.

வா. போ. வா.

அறை வாங்கிய கன்னத்தைத் தடவியபடி, வீப்ரன் திறந்து கிடந்த இடது பாதியை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார்.