சாக்கோ வீட்டு அடுக்களைப் பூட்டு

விடிந்ததும் கொள்ளை தெரிந்தது. நகை போகவில்லை, பணம் போகவில்லை. கேரளத்துப் பாலா ஊரில் சாக்கோ வீட்டு அடுக்களையிலிருந்து ஒரு டின் நேந்திரங்காய் வறுவலும் ஒரு டின் பலாச்சக்கை வறுவலும் மாயம். பூட்டு உடையவில்லை. ஜன்னல் கம்பி வளையவில்லை.

அடுத்த வீட்டு வக்கச்சன் வரவழைக்கப்பட்டார். ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர். அந்தக் காலத்தில் அவர் முறைத்தால் கோழித் திருடர்கள் கோழியைத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்களாம். சிலசமயம் போனதைவிடக் கொழுத்த கோழி வந்து சேர்ந்ததும் உண்டு. மனைவி போனபிறகு முறைப்பதற்கு வீட்டில் ஒரு பூனைகூட இல்லை. கூப்பிட்ட குரலுக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே வந்துவிட்டார்.

"விசாரணை எதுக்கு சாரே? கள்ளி இங்கதான் உக்காந்திருக்கா" என்றான் சாக்கோ.

மகள் ப்ளெஸ்ஸி. பத்தொன்பது வயது, நாற்காலி கொள்ளாத உடம்பு. கருவிலேயே மரபணுவில் விழுந்த பிழை. வயிறு நிறைந்த சேதி அவள் மூளைக்குப் போய்ச் சேருவதேயில்லை. தின்றாலும் பசி, தூங்கினாலும் பசி. இப்படியே விட்டால் தின்றே செத்துப்போவாள் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அடுக்களைக்குப் பூட்டு. சாவி அம்மா லீலாம்மாவிடம்.

"பூட்டுக்கும் அடங்கலைன்னா நம்மால ஆகாது. மத்தியானம் வண்டி வருது. கன்னியாஸ்திரீங்க நடத்துற ஹோமுக்குப் போகட்டும்."

"நான் எடுக்கல அப்பச்சா."

"ஃப்ரீசர்ல கிடந்த மத்தி மீனப் பச்சையாக் கடிச்சதும் நீ இல்லையாக்கும்?"

"அது நான்தான். மாட்டுத் தீவனமும் நான்தான். இது நான் இல்ல."

லீலாம்மா காப்பி கொண்டுவந்தாள். கணவனுக்கும் விருந்தாளிக்கும் பால் காப்பி, மகளுக்கு அளந்த பால் காப்பி, தனக்குப் பால் விடாத கட்டன்.

"சாவி ராத்திரி எங்கே இருந்தது?"

"என் தலையணைக்கடியில சாரே."

வக்கச்சன் அடுக்களைக்குள் போனார். காலி டின்கள் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அடுத்த டின் நிறைய முட்டை சேர்த்த அச்சப்ப முறுக்கு. ஃப்ரிட்ஜில் ஒரு பெட்டி பால்பேடா, சாக்கோவுக்காக வறுத்த பீஃப் ஒரு சட்டி. எதிலும் கை பட்ட அடையாளமில்லை. தடயத்தைச் சோதிக்க ஒரு துண்டு பீஃபை வாயில் போட்டார். சந்தேகம் தீரவில்லை. இன்னும் இரண்டு துண்டு சோதித்தார்.

திரும்பி வந்தார்.

"சாக்கோ, ராத்திரி பசிச்சா நீ எதை எடுப்பே?"

"பீஃபைத்தான். நான் நோம்பும் கீம்பும் எடுக்கிறதில்லையே."

"ப்ளெஸ்ஸி மோளே, நீ?"

"எல்லாத்தையும்" என்றாள் அவள், கண் மின்ன.

வக்கச்சன் தொண்டையைச் செருமினார். "பச்சை மத்திய விடாதவ வறுத்த பீஃப விடுவாளா? இந்தக் கள்ளன் ரெண்டு டின்னக் காலி பண்ணியிருக்கான். ஆனா இறைச்சியத் தொடல, முட்டையத் தொடல, பாலத் தொடல. ஈஸ்டருக்கு முந்தின அம்பது நாள் நோம்புல இது மூணும் ஆகாது. அந்த நோம்பு இந்த வீட்டுல கட்டன் குடிக்கிற ஒருத்தருக்குத்தான். திருடும்போதும் அது முறியாமப் பாத்திருக்காங்க. அப்புறம், பசி டின்னக் கழுவி வைக்காது. வெட்கம்தான் கழுவும். இல்லையா, லீலாம்மே?"

சாக்கோ மனைவியின் பக்கம் திரும்பினான்.

லீலாம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "இவ பசிச்ச கண்ணோட பாத்துக்கிட்டிருக்கும்போது எப்படி சாரே தின்னுறது? பகல்ல தொண்டையில இறங்காது. எல்லாரும் தூங்கினப்புறம் திறப்பேன். பசியே இருக்காது, ஆனா கை நிக்காது. முடிஞ்சதும் செத்துப்போயிடலாம்னு இருக்கும்."

"பிள்ளைய வண்டியேத்தப் போறாங்களே, அப்பவாவது?"

"சொல்லத்தான் நினைச்சேன். நாக்கு எழும்பல."

"இவளுக்குக் கோளாறு மூளையில. உனக்குப் புண்ணு மனசுல. ரெண்டுமே நோவுதான், கள்ளத்தனம் இல்ல. சாக்கோ, வண்டி வரட்டும். ஹோமுக்கு வேண்டாம், உன் பெண்டாட்டிய மனசு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ. அந்தச் சாவியையும் இனி நீ வச்சுக்கோ."

யாரும் எழுந்திருக்கவில்லை. ப்ளெஸ்ஸிதான் நாற்காலியை அம்மாவின் பக்கம் இழுத்தாள்.

"தனியா உக்காந்தா தின்னீங்க, அம்மே?"

"ஆமா மோளே."

"இருட்டுலயா?"

"ஆமா."

ப்ளெஸ்ஸி உதட்டைப் பிதுக்கினாள்.

"என்னையும் எழுப்பியிருக்கலாம்ல."