தன்னூற்றுச் சான்று

இளவேனிலின் முடிவு இரண்டு இடங்களில் இருந்தது. அதனால் அது செல்லாது என்று மருத்துவமனை அவளைத் திருப்பி அனுப்பிவிட்டது.

"ஈரல் என்னோடது. தம்பியும் என்னோட தம்பி. நடுவுல எவன் மேடம் வந்து நிக்கிறான்?" என்று ஓடை நிலையத்தின் கவுண்டர் கண்ணாடியைத் தட்டினாள். "நாளைக்குக் காலைல ஆபரேஷன். இன்னிக்கு மூணு மணிக்குள்ள சான்று போகலன்னா, அந்தத் தேதிய வேற யாருக்கோ குடுத்துருவாங்களாம். அடுத்த தேதி வரைக்கும் அவன் தாங்க மாட்டான்."

மணி பத்தே முக்கால். திருச்சி ஓடைப் பராமரிப்பு நிலையத்தில் பதினோரு வருடங்களாக வேலை பார்க்கும் வினோலியா, அவளை உள்ளே அழைத்து உட்காரவைத்தாள். இளவேனில் நாற்பதைத் தாண்டிய பெண். நகரப் பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளர். சீருடையோடே வந்திருந்தாள்.

காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் உள்ளொட்டு என்ற கருவி வந்து பத்தொன்பது வருடங்கள் ஆகின்றன. அதற்கு முன் மக்கள் இணையத்தில் தங்கள் பதிவகங்களில் கையால் எழுதினார்கள், மற்றவர்கள் கண்ணால் வாசித்தார்கள். உள்ளொட்டு அந்த இரண்டு வேலைகளையும் எடுத்துவிட்டது. மனதில் ஏதாவது ஒன்று திரண்டு வந்ததும், பகிரலாம் என்று அனுமதி இருந்தால், அதை ஒரு பதிவாக்கிப் பதிவகத்தில் வைக்கும். எல்லோருடைய பதிவுகளையும் சேர்க்கும் திரட்டி என்ற பொதுக் கருவி அதை எடுத்து, பின்தொடர்பவர்களின் மனதுக்குள் ஓடும் ஓடைகளில் விடும். அவர்கள் வாசிக்க வேண்டியதில்லை. அது அவர்களுக்குத் தோன்றும். சட்னி அரைத்துக்கொண்டிருக்கும்போது, மலேசியாவின் ஈப்போவில் மழையை வேடிக்கை பார்க்கும் சித்தி மகளின் நிம்மதி நெஞ்சுக்குள் வந்து ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போகும்.

வந்தது போகாமல் தங்கியும் விடலாம். தங்கியது நாளடைவில் தன்னுடையதாகவே ஆகிவிடலாம். அதனால்தான் சட்டம் வந்தது. திருமணம், உயில், உறுப்புத் தானம் என்ற மூன்றுக்கும், அந்த எண்ணம் அவரிடமே ஊறியது என்று தன்னூற்றுச் சான்று வேண்டும். ஒவ்வொரு பதிவும் பிறக்கும்போது திரட்டி அதற்கு ஒரு பிறப்பெண் இடுகிறது. ஆளுக்கு ஆள் பதிவின் உருவம் மாறலாம், எண் மாறாது. ஒரே எண் இரண்டு பேரிடம் இருந்தால், ஒருவராவது அதை வாங்கிக்கொண்டவர்.

இளவேனிலின் முடிவுக்கு இருந்த அதே எண், காரைக்காலில் ஐஸ் வண்டி ஓட்டும் ஒருவரிடமும் இருந்தது.

"அவர உங்களுக்குத் தெரியுமா?"

"யாருன்னே தெரியாது. எங்கயோ எவரையோ பின்தொடர்ந்து, அங்கேர்ந்து வந்திருக்கும்." இளவேனில் குரலைத் தாழ்த்தினாள். "உண்மையச் சொல்லவா மேடம்? எனக்கே சந்தேகமா இருக்கு. ஊசின்னாலே நான் மயங்கி விழுறவ. மூணு வாரமா பயமே இல்ல. இது நான்தானா, இல்ல வேற யாரோ உள்ள ஏறி உக்காந்துக்கிட்டு என் வாயால பேசுறாங்களா?"

"தம்பி என்ன சொல்றாரு?"

"நன்மாறனா? நல்ல வார்த்த அவன் வாயில எப்ப வந்திருக்கு? அவன் பதிவகத்தப் பின்தொடர்றது மொத்தம் ஒரே ஆளு. நான்தான். அதுவும் சண்ட போடுறதுக்கு." சிரிக்கப் போனவள் சிரிக்கவில்லை. "எனக்கெல்லாம் எவன் குடுப்பான், நீயும் குடுத்துத் தொலைக்காத, அப்புறம் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவேங்கிறான்."

வினோலியா ஊற்றுத் தேடலைத் தொடங்கினாள்.

ஒரு பதிவு யாரிடமிருந்து வந்தது, அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்று படிப்படியாக மேலே ஏறுவதுதான் தேடல். மூன்று படி ஏறியதும் கருவி நின்றுவிடும். அங்கே இருப்பவரை ஊற்று என்று எழுதி முடித்துவிடுவது வழக்கம். அதற்கு மேல் போக யாருக்கும் நேரமில்லை. ஆனால் இன்று மூன்றாவது படியில் ஐந்து பேர் ஒரே எண்ணோடு நின்றார்கள். வினோலியா அந்தத் தடையை நீக்கினாள்.

ஒவ்வொரு படியிலும், சரியான பதிவுதானா என்று பார்க்க, அதை ஒரு நொடி தன் உள்ளொட்டில் தொட்டுப் பார்க்க வேண்டும். ஐஸ் வண்டிக்காரர் தன் வார விடுமுறையைச் சகதொழிலாளிக்கு விட்டுக்கொடுத்திருந்தார். அவருக்கு மேலே, ஓசூரில் ஒரு செவிலி கொட்டும் மழையில் தன் மழைக்கோட்டைக் கழற்றி யாருக்கோ கொடுத்திருந்தாள். மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் ஒருவன் தன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பாதியாகப் பிரித்திருந்தான். வவுனியாவில் ஒரு பெண் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பாலூட்டியிருந்தாள். உருவங்கள் வேறு. உள்ளே இருந்தது ஒன்றுதான். என்னிடம் இருக்கிறது, எடுத்துக்கொள். அது சொல்லாகக்கூட இல்லை. நெஞ்சுக்குள் ஒரு கை விரிவதுபோல இருந்தது.

நாற்பது பேர். அறுநூறு பேர். பிறகு கிளைகள் பெருகி, எண்ணிக்கை திரையின் ஓரத்தில் தானாக ஓடத் தொடங்கியது. வினோலியா சாப்பிட எழவில்லை. அவளுக்குத் தன்னைப் பற்றி ஓர் எண்ணம் உண்டு, தான் கொஞ்சம் ஒதுங்கிய பிறவி என்று. வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். மற்றவர்களின் ஓடைகளைப் பழுதுபார்த்துக்கொண்டே இருப்பதால், தன்னுடையது எது என்று காட்டிக்கொள்ளாத கூச்சம் வந்துவிட்டது என்று அவளே காரணமும் வைத்திருந்தாள். இப்போது ஒவ்வொரு படியாகத் தொட்டுக்கொண்டே போகையில், அந்தக் கை அவளுக்குள்ளும் விரிந்தது. அது புதிதாக வந்ததுபோல இல்லை. இவ்வளவு நாளும் மூடியிருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது.

ஒன்றரை மணிக்குத் தேடல் உச்சிக்கு வந்தது. ஆறு லட்சத்துப் பதினாலாயிரம் பேரைக் கடந்து, பத்தொன்பது வருடங்களுக்கு முன், உள்ளொட்டை முதன்முதலாகச் சோதித்த காலை. ஓர் அறையில் எட்டுப் பேர். ஒருவரோடு ஒருவரை இன்னும் இணைக்கவே இல்லை. எட்டு உள்ளொட்டுகளையும் ஒரே நேரத்தில் இயக்கியிருக்கிறார்கள். முதல் நிமிடத்திலேயே, எட்டுப் பேரிடமும் அந்தப் பதிவு இருந்தது. எட்டையும் பிரித்துப் பார்க்க முடியாத திரட்டி, ஒன்று என்று நினைத்து ஒரே எண்ணை இட்டிருந்தது.

வினோலியா நாற்காலியில் சாய்ந்தாள். கருவி வருவதற்கு முன்பே அது அங்கே இருந்திருக்கிறது. யாரிடமிருந்தும் யாருக்கும் போனதே இல்லை. இத்தனை வருடங்களாக அவர்கள் ஓடை என்று பெயர் வைத்துப் பராமரித்ததற்கு அடியில், எல்லோருடைய நிலத்துக்கும் கீழே, ஒரே தண்ணீர் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

"என்னம்மா, ஊத்து கெடச்சுதா?" பக்கத்து மேசை காதர் எட்டிப் பார்த்தார். ஓய்வுபெற இரண்டு வருடங்கள் இருந்தவர். எந்தக் கோளாறுக்கும் அசராதவர்.

"ஊத்தே இல்லண்ணே. இங்க பாருங்க."

அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார்.

"யா அல்லாஹ்," என்றார் மெதுவாக. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "ஊத்து இல்லன்னு எழுதினா அந்தப் பொண்ணுக்குச் சான்று கெடையாது. வழக்கமான வைத்தியத்தப் பண்ணிரு."

வழக்கமான வைத்தியம் என்பது கையேட்டில் இல்லாதது. இரட்டை விழுந்த பதிவுக்குப் புதிதாக ஒரு பிறப்பெண் இட்டு, விண்ணப்பித்தவரையே ஊற்று என்று குறித்துவிடுவது. நிலையத்தில் எல்லோரும் செய்வார்கள். கல்யாணச் சான்றுகளில் பாதி அப்படித்தான் போகின்றன.

வெளியே பெஞ்சில் இளவேனில் முழங்கைகளை முழங்கால்களில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். மணி இரண்டு பத்து. வினோலியா புதிய எண்ணை இட்டாள்.

"இந்தாங்க. ஊற்று: இளவேனில்னு போட்டிருக்கு."

இளவேனில் தாளை இரண்டு முறை படித்தாள். "அப்ப என்னோடதுதானா?"

"உங்களோடதுதான்."

பொய் சொன்னதுபோலவும் இருந்தது, சொல்லாததுபோலவும் இருந்தது. இளவேனில் ஏறிப்போன ஆட்டோவின் சத்தம் தெருமுனையில் மறைந்தது.

முதல் ஆள் இரண்டு நாற்பதுக்கு வந்தார். வங்கிக் காவலாளி. தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்.

"நன்மாறன்னு ஒருத்தருங்க. யாருன்னு தெரியாது. அவருக்கு ஈரல் குடுக்கணும். சான்று இங்கதான் தருவாங்கன்னு சொன்னாங்க."

வினோலியாவின் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது. பயிற்சிக்கு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொடுத்த பாடம் இது. எண்ணை மாற்றினால் பழைய பதிவும் புதியதாகிவிடும். பழைய எண்ணை வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் திரட்டி அதைப் புதிதாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வழக்கமான இரட்டையில் அது இரண்டு மூன்று பேர். யாருக்கும் தெரியாமல் போய்விடும். இன்று அந்தப் பட்டியலில் ஆறு லட்சம் பேர் இருந்தார்கள், காலையிலிருந்து அதில் படிப்படியாக ஏறிப் பார்த்தவள் அவள்தான். இருந்தும் பழகிய விரல் அழுத்திவிட்டது. போய்ச் சேர்ந்தது பொதுவான இரக்கம் அல்ல. இளவேனிலிடம் அது எடுத்திருந்த உருவம், தம்பியின் பெயரோடு.

"எப்பங்க தோணுச்சு உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"இப்பன்னு சொல்ல முடியலங்க. எப்பவுமே இருந்த மாதிரிதான் இருக்கு."

காவலாளிக்குப் பின்னால் கல்லூரி ஆசிரியை ஒருத்தி. அவளுக்குப் பின்னால் கையில் மாவு காயாத ஒரு பரோட்டாக் கடைக்காரர். மூன்று மணிக்கு வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் வளைந்தது. யாரும் தள்ளவில்லை, கத்தவில்லை. மதுரை நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது, பிறகு சேலம், பிறகு கிள்ளான்.

இளவேனிலும் அழைத்தாள்.

"மேடம், ஆஸ்பத்திரி கேட்ல நானூறு பேரு நிக்கிறாங்க. எல்லாம் என் தம்பிக்காம்! அவன் ஜன்னல் வழியாப் பாத்துட்டு, எந்த மந்திரி செத்துட்டான்னு கேட்டான். உனக்குத்தான்டா வந்திருக்காங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"போர்வைய மூஞ்சிக்கு மேல இழுத்துக்கிட்டான். தோள் குலுங்குது." அவள் குரல் உடைந்தது. "டாக்டர் கேக்குறாரு, இத்தன பேர்ல இது உண்மையிலேயே யாரோட முடிவுன்னு. என் சான்று செல்லுமா மேடம்?"

"செல்லும். உங்களது மட்டும்தான் செல்லும். போய்ப் படுங்க."

அது சரியான பதில். ஊற்று இளவேனில் என்று ஆகிவிட்ட பிறகு, தெருவில் நிற்கும் அத்தனை பேருடையதும் இரட்டைப் பதிவுகள். வினோலியா காவலாளியிடம் அதைச் சொன்னாள். இந்த எண்ணம் உங்களுடையது இல்லை, வேறொருவரிடமிருந்து வந்தது.

அவருக்குக் கோபம் வரவில்லை. புரியாமல் பார்த்தார்.

"என்னோடது இல்லன்னா, எனக்குள்ள இது இருக்கற எடம் யாரோடதுங்க?"

பதில் தேடித் தனக்குள் குனிந்தபோது வினோலியா அதைக் கண்டாள். ஒவ்வொரு படியிலும் தொட்டவள் அவள். பழைய எண் அவளிடமும் இருந்திருக்கிறது. நன்மாறன் என்ற, முகம் தெரியாத, வாயில் நல்ல வார்த்தை வராத ஒருவனுக்குக் கொடுக்கத் தன்னிடம் இருக்கிறது என்பது, தன் பெயரைப்போலத் தெளிவாக அங்கே உட்கார்ந்திருந்தது. அதன் எண் அவளுக்கு மனப்பாடம். அது பிறந்த நிமிடமும் தெரியும். இட்ட விரல் அவளுடையது. இவ்வளவும் தெரிந்தும் அதில் அந்நியமாக ஒரு துளிகூட அவளுக்கு அகப்படவில்லை.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, அடுக்கிலிருந்து ஒரு படிவத்தை உருவினாள். பக்கத்து மேசையில் காதர் எதையோ எழுதிக்கொண்டிருந்தவர், அவசரமாகக் கையால் மறைத்தார்.

"அண்ணே, நீங்களுமா?"

"எனக்குச் சர்க்கர இருக்கு, எடுத்துக்க மாட்டாங்க. தெரியும்," என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல். "கேட்டுப் பாக்குறதுல என்ன இருக்கு?"

வினோலியா வெளியே வந்து வரிசையின் கடைசியைத் தேடி நடந்தாள். அது தபால் நிலையத்தைத் தாண்டியும் போயிருந்தது. கடைசியில் நின்ற பெண்ணின் பின்னால் நின்று, சுவரில் தாளை வைத்து நிரப்பினாள். பெயர், வயது, இரத்த வகை. ஐந்தாவது கேள்வி: இந்த எண்ணம் தங்களிடமே ஊறியதா?

அந்தத் தெருவில் அதற்கு விடை தெரிந்த ஒரே ஆள் அவள்தான். பேனா தயங்கவே இல்லை. ஆம் என்று எழுதினாள்.